எண்ணெய் காயும் நேரத்தில் ஒரு செபம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

காரைக்குடியில் வீட்டிலிருந்தே பலகாரம் போட்டுக் கொடுப்பவள் நான். கல்யாண மாதங்களில் அதிரசம், மணகோலம், சீப்புச்சீடை என்று விடியுமுன் தொடங்கினால், அண்டா கழுவிக் கவிழ்க்க இரவு பத்து மணியாகிவிடும். "உங்களுக்கு மட்டும் செபிக்க எப்படிக்கா நேரம் கிடைக்குது?" என்று பங்குக் கோயிலில் கேட்பார்கள். எனக்கும் கிடைக்கவில்லை. ஏற்கெனவே செய்கிற வேலைகளோடு செபத்தை முடிச்சுப் போட்டு வைத்தேன், அவ்வளவுதான். அந்த முடிச்சைப் போடும் விதம்தான் இந்தப் பதிவு.

நான் கத்தோலிக்கப் பழக்கத்தில் வளர்ந்தவள். 'ஜெபம்' என்று எழுதும் சபைக்காரர்கள் மாதாவிடம் வேண்டும் பகுதிகளை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தவக்காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக் காலம்) காலை 4 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் செபிப்பதாக முடிவெடுத்தேன். முதல் நாள் செபித்தேன். இரண்டாம் நாள் முழந்தாளிட்டபடியே தூங்கினேன். மூன்றாம் நாள் அலாரத்தை யார் அணைத்தார்கள் என்பதே தெரியவில்லை. அதனால் ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

படி 1: ஒரு மூலை

உள்ளறைக்குப் போய்க் கதவை அடைத்துக்கொண்டு வேண்டச் சொன்னார் இயேசு (மத்தேயு 6:6). முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீளும் வீடாக இருந்தால் அறைக்குப் பஞ்சமில்லை. எங்களுடையது இரண்டே அறை. மாவு டின்களுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சிலுவை, அதன் கீழே பலகை, பலகைமேல் விவிலியம், ஒரு சிமிழில் புனித அருளானந்தர் உயிர்விட்ட ஓரியூரின் செம்மண். இதுதான் என் உள்ளறை. போன் மட்டும் அந்தப் பக்கம் வரக்கூடாது.

படி 2: முடிச்சு

நீங்கள் தவறாமல் செய்யும் மூன்று வேலைகளை எழுதுங்கள். எனக்கு அடுப்புப் பற்றவைப்பது, மதியச் சாப்பாடு, சாயங்காலம் விளக்குப் போடுவது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு செபம். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் சொல்வதற்கென்றே மூவேளைச் செபம் இருக்கிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும். அது மனப்பாடம் இல்லையென்றால் இயேசு கற்பித்த செபம் ('விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே') போதும். விவிலியத்தில் வரும் தானியேல் நாளுக்கு மூன்று முறை மண்டியிட்டார். 'திதாக்கே' என்ற ஆதித் திருச்சபை நூலும் இயேசு கற்பித்த செபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது.

இது பழகிய பிறகு சின்னச் சின்ன இடைவெளிகளைப் பிடியுங்கள். எண்ணெய் காயும் நேரம் எனக்கு ரொம்பப் பிடித்த நேரம். "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்று மூச்சோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டே நிற்பேன். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்துச் சமையற்கட்டில் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ், நற்கருணை முன் முழந்தாளிடும்போது இருக்கும் அதே அமைதி தனக்கு அடுக்களைச் சத்தத்திலும் இருந்தது என்றார். எனக்கு அந்த அளவு வரவில்லை. ஆனால் பாகு பதம் பார்க்கும்போது மட்டும் செபிக்காதீர்கள். ஒருமுறை கண்ணை மூடிவிட்டேன். பாகு முற்றி, அத்தனை அதிரசமும் கல்லாகிவிட்டது.

படி 3: ஐந்து வசனம்

12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கைகோ, இறைவார்த்தையை வாசிப்பதை நான்கு படி ஏணியாகச் சொன்னார்: வாசி, தியானி, வேண்டு, அமர்ந்திரு. செய்து பார்ப்போம். லூக்கா 10:38-42, மார்த்தா வீட்டுக் கதை. நிதானமாக இரண்டு முறை வாசியுங்கள். எந்தச் சொல் தைக்கிறதோ அங்கே நில்லுங்கள். எனக்கு 'கலங்குகிறாய்' என்ற சொல். மார்த்தா சமைத்ததற்காக இயேசு திட்டவில்லை, கலங்கியதைத்தான் சொன்னார் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பலகாரக்காரிக்கு இது பெரிய நிம்மதி! அப்புறம் அந்தச் சொல்லையே செபமாக்குங்கள்: "நாளைய ஆர்டரை நினைத்துக் கலங்குகிறேன், ஆண்டவரே." கடைசியில் ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். புதியவர்கள் தவறவிடுவது இந்த நான்காம் படியைத்தான். மனம் கடைத்தெருவுக்கு ஓடும். ஓடினால் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

படி 4: செபமாலையில் பத்து மணி

முழுச் செபமாலைக்கு இருபது நிமிடமாவது வேண்டும். தொடக்கத்தில் ஒரு பத்து மணி, அதாவது பத்து 'அருள் நிறைந்த மரியே' போதும். சொல்லும்போது இயேசு, மாதா வாழ்க்கை நிகழ்ச்சிகளை, அதாவது மறைபொருள்களைத் தியானிப்போம்: திங்கள், சனி மகிழ்ச்சி மறைபொருள், செவ்வாய், வெள்ளி துயர், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி. பேருந்தில் தேவகோட்டை போகும்போது விரலில் எண்ணியும் சொல்லலாம்.

படி 5: இரவு ஆன்ம சோதனை

இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் கொடுத்த முறை, அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பது. நான் பாத்திரம் கழுவிக்கொண்டே செய்கிறேன். முதலில் இன்றைக்குக் கிடைத்த நல்லதுக்கு நன்றி. அடுத்து, உண்மையைப் பார்க்க ஒளி கேட்பது. பிறகு காலையிலிருந்து நடந்ததை ஓட்டிப் பார்ப்பது. தவறினதுக்கு மன்னிப்பு. கடைசியாக நாளைக்கு ஒரே ஒரு தீர்மானம். 'இனிமேல் கோபப்பட மாட்டேன்' என்பதெல்லாம் நிற்காது. 'உதவிக்கு வரும் அக்காவிடம் நாளைக்குக் காலையில் முதல் வேலையாக மன்னிப்புக் கேட்பேன்' என்பது நிற்கும்.

படி 6: நாக்குக்கும் கொஞ்சம்

கோழியும் நண்டும் மணக்கும் ஊரில் இதுதான் கஷ்டம். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியும் 18 வயதிலிருந்து 59 வரை உள்ளவர்களுக்கு ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு. தவக்கால வெள்ளிகளில் 14 வயதிலிருந்து சுத்தபோசனம், அதாவது கறி இல்லாத சாப்பாடு. மற்ற மாதங்களிலும் வெள்ளிக்கிழமை கறியை விட்டுப் பாருங்கள். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர், காவி உடுத்தி மரக்கறி மட்டும் உண்டு நம் மக்களோடு வாழ்ந்த இயேசு சபைத் துறவி. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடக்க வேண்டாம்.

எத்தனை நாள்?

பக்கத்து வீட்டு ஆச்சி பிள்ளையார் நோன்புக்குப் புது வேட்டியிலிருந்து நாளுக்கொரு நூலாக 21 நாள் எடுத்து வைப்பார்கள். அவர்கள் நோன்பு வேறு, என் செபம் வேறு. ஆனால் எண்ணி வைக்கும் அந்தப் பொறுமையை அவர்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். ஐந்து நிமிடம் செபித்த நாளில் ஒரு நூலை விவிலியத்துக்குள் வைப்பேன். விட்டுப்போன நாளுக்கு மறுநாள் இரண்டாக வைப்பது கிடையாது. போன முறை 21 நாளில் சேர்ந்தது 14 நூல். மீதி ஏழும் இரண்டு கல்யாண ஆர்டர் ஒன்றாக வந்த அந்த வாரம்.