போர்டும் லேப்டாப்பும் பேசவில்லையா? எங்கே அறுந்தது என்று முதலில் பாருங்கள்

கேத்தி பாலாடாவில் சித்தப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் கேரட். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை எங்கள் பள்ளத்தில் உறைபனி விழும். வெயில் ஏறுவதற்குள் ஸ்பிரிங்க்ளரைத் திறந்து பனியைக் கழுவிவிட வேண்டும், விட்டால் இலை கருகிவிடும். அதற்காகத் தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார் ஒன்று வைத்திருக்கிறேன். குளிர்காற்று வந்து தேங்குவது அங்கேதான். அங்கிருந்து வரும் ஒயர் மோட்டார் ஷெட்டில் ஆர்டுயினோ நானோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் முடிகிறது. நானோவை யூஎஸ்பி வழியாகப் பழைய லேப்டாப்பில் செருகியிருக்கிறேன். 2 டிகிரிக்குக் கீழே இறங்கினால் லேப்டாப் கத்தும், சித்தப்பா எழுந்து போவார்.

சென்சாரால் எனக்கு ஒருநாளும் தொல்லை வந்ததில்லை. நானோவுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு மீட்டர் இணைப்புதான் மூன்று குளிர்காலமாக என்னைப் படுத்தி எடுத்தது. குன்னூரில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், கேபிளும் போர்டும் எனக்குப் பழக்கம். அப்படியிருந்தும் கோடில், அதாவது நான் எழுதிய புரோகிராமில்தான் தப்பு என்று நினைத்து அதையே திருத்தித் திருத்தி பல இரவுகளை வீணாக்கினேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். கோடைத் தொடாமல், லேப்டாப் பக்கத்திலிருந்து வெளியே ஒவ்வொரு அடியாகப் போங்கள்.

முதல் கேள்வி, போர்ட், அதாவது போர்டோடு பேச லேப்டாப் திறக்கும் வாசல், கண்ணுக்குத் தெரிகிறதா? கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகிப் பாருங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் காம் 3, காம் 5 என்று ஏதாவது ஒன்று புதிதாக வர வேண்டும். லினக்ஸில், யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் சிஎச்340 சிப் உள்ள போர்டு (என் நானோ போல) 'டிடிஒய் யூஎஸ்பி 0' என்றும், ஒரிஜினல் ஆர்டுயினோ ஊனோ போர்டு 'டிடிஒய் ஏசிஎம் 0' என்றும் வரும். எதுவுமே வரவில்லையா? கேபிளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சார்ஜ் போடுவதற்கென்றே வரும் மலிவு கேபிள்களுக்குள் கரண்டுக்கான இரண்டு ஒயர் மட்டும் இருக்கும், டேட்டா ஒயர் இருக்காது. போர்டில் விளக்கு எரியும், அதைப் பார்த்து கேபிள் நல்லது என்று நம்பிவிடுவோம். என் நானோவுக்கு மினி யூஎஸ்பி வேண்டும். பழைய டிஜிட்டல் கேமராவோடு வந்த கேபிளைத் தேடி எடுத்துப் போட்டேன், போட்டோ ஏற்றிய கேபிளில் டேட்டா ஒயர் கட்டாயம் இருக்கும்.

விண்டோஸில் மஞ்சள் முக்கோணம் வந்தால் டிரைவர் இல்லை என்று பொருள். சிஎச்340 டிரைவரைப் போட்டால் தீரும். உபுண்டு 22.04-இல் இன்னொரு சிக்கல் உண்டு. போர்ட் ஒரு நொடி தோன்றி உடனே மறைந்துவிடும். பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளை இயக்கும் 'பிஆர்எல்டிடிஒய்' என்ற புரோகிராம், சிஎச்340-இன் அடையாள எண்ணைப் பார்த்துத் தன் கருவி என்று எடுத்துக்கொள்வதால் இப்படி ஆகிறது. பிரெய்ல் கருவி பயன்படுத்தாதவர்கள் அதை நீக்கிவிடலாம். போர்ட் இருந்தும் 'அனுமதி இல்லை' என்று வந்தால் உங்கள் பயனர் பெயரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். வெளியேறாமல் சேர்த்தது வேலை செய்யாது.

போர்ட் பிஸி என்று வந்தால் வேறு ஏதோ புரோகிராம் அதைப் பிடித்திருக்கிறது. பெரும்பாலும் நீங்களே திறந்து வைத்த சீரியல் மானிட்டராகத்தான், அதாவது போர்டு அனுப்புவதைக் காட்டும் ஆர்டுயினோ சாளரமாகத்தான் இருக்கும்.

அடுத்து லூப்பேக் சோதனை, அதாவது அனுப்பியது அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதென்றால் இதை வையுங்கள். நானோவின் ரீசெட் பின்னை ஒரு ஜம்பரால் (சின்ன இணைப்பு ஒயரால்) கிரவுண்டோடு சேருங்கள், இப்போது போர்டின் மூளையான மைக்ரோகன்ட்ரோலர் மயக்கத்தில் இருக்கும். இன்னொரு ஜம்பரால் 0, 1 என்ற இரண்டு பின்களையும், அதாவது வாங்கும் ஆர்எக்ஸையும் அனுப்பும் டிஎக்ஸையும் சேருங்கள். சீரியல் மானிட்டரைத் திறந்து 'கேரட்' என்று அடித்து அனுப்புங்கள். அடித்ததே திரும்பி வந்தால் லேப்டாப், டிரைவர், கேபிள், யூஎஸ்பி சிப் எல்லாம் நலம். கோளாறு அதற்கு அப்பால், உங்கள் கோடிலோ மைக்ரோகன்ட்ரோலரிலோதான். திரும்பி வராவிட்டால் கோடைத் திறக்கவே வேண்டாம். இரண்டே ஜம்பர், இரண்டு நிமிடம், பாதித் தொலைவு தெளிவாகிவிடுகிறது. சோதனை முடிந்ததும் இரண்டையும் கழற்ற மறக்காதீர்கள், இல்லாவிட்டால் புதுக் கோடு ஏறாது. 0, 1 பின்களில் வேறு சென்சாரை மாட்டி வைத்தாலும் இதே கதைதான்.

எழுத்து வருகிறது, ஆனால் கேள்விக்குறியும் கட்டமுமாக வருகிறது என்றால் ஓரளவு நல்ல செய்தி. ஒயரில் உயிர் இருக்கிறது, வேகம்தான் பொருந்தவில்லை. நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு பிட்டுக்கு 104 மைக்ரோநொடி, 115200-இல் 9-க்கும் குறைவு. இரண்டு பக்கமும் ஒரே எண் இருக்க வேண்டும். நானோவுக்குப் பதில் இஎஸ்பி8266 என்ற வைஃபை போர்டு வைத்திருந்து, அது ஆன் ஆகும்போது வரும் முதல் சில வரிகள் மட்டும் குப்பையாக இருந்தால் பதற வேண்டாம், அந்தச் சிப் தொடக்கத்தில் 74880 வேகத்தில் பேசும்.

லேப்டாப்பில் ஓடும் பைத்தான் புரோகிராம் போர்ட்டைத் திறந்ததும் நானோ ரீசெட் ஆகும். போர்ட் திறந்ததைச் சொல்லும் டிடிஆர் என்ற சமிக்ஞை ரீசெட்டோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே திறந்து 2 நொடி காத்திருங்கள், முதல் வரியைத் தூக்கிப் போடுங்கள், அது பாதியில் வெட்டுப்பட்டதாக இருக்கலாம். ஒவ்வொரு வரியின் முடிவிலும் 13, 10 என்ற இரண்டு கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் வரும், அவற்றை நீக்கிவிட்டு எண்ணாக மாற்றுங்கள். நீக்காமல் வரியை அப்படியே இன்னொன்றோடு ஒப்பிட்டால் ஒருநாளும் பொருந்தாது. திரையில் மைனஸ் 127 வந்தால் சென்சார் ஒயர் விட்டிருக்கிறது. 85 வந்தால் சென்சார் இன்னும் அளக்கவில்லை. இரண்டிலும் சீரியல் இணைப்பு நன்றாகவே வேலை செய்கிறது.

இனி அந்த ஜனவரி இரவு. ஒன்றே முக்காலுக்கு டாங்க் நிரப்ப சித்தப்பா மோட்டாரைப் போட்டார். விடிந்து பார்த்தால் நாலு பாத்தி கருகிக் கிடந்தது, லேப்டாப் கத்தவே இல்லை. கடைசியாகப் பதிந்த வெப்பநிலை 3.4, நேரம் 1.46. லினக்ஸ் பதிவேட்டைத் திறந்தேன். அந்த நிமிடத்தில் யூஎஸ்பி போர்ட்டை ஹப் துண்டித்ததாகவும், மின்காந்த இடையூறோ என்ற சந்தேகக் குறியோடும் ஒரு வரி இருந்தது. மோட்டார் ஸ்டார்ட்டர் விழுந்த மின் அதிர்வில் யூஎஸ்பி அறுந்து மீண்டிருக்கிறது. ஆனால் என் புரோகிராம் பழைய போர்ட்டை மூடவில்லை. அதனால் நானோ 'யூஎஸ்பி 1' என்ற புதுப் பெயரில் வந்தது. புரோகிராமோ விடிய விடிய 'யூஎஸ்பி 0' கதவையே தட்டிக்கொண்டிருந்தது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, கருகிய இலையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு செய்தவை இவை. யூஎஸ்பி கேபிளை மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்ததை அவிழ்த்தேன். கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடத்தினேன். கேபிளின் இரண்டு முனையிலும் மின் இடையூறைக் குறைக்கும் ஃபெரைட் வளையம் மாட்டினேன். புரோகிராமில், பிழை வந்தால் போர்ட்டை மூடு, 3 நொடி பொறு, தேடித் திற என்று எழுதினேன். தேடுவதற்கு 'பை-பாத்' என்ற கோப்புறையில் உள்ள பெயரைப் பயன்படுத்தினேன். எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதைக் கொண்டு வரும் பெயர் அது, எண் மாறினாலும் மாறாது. சிஎச்340-இல் பெரும்பாலும் தனி வரிசை எண் இல்லாததால் இதுவே நம்பகமான வழி. எல்லாவற்றையும் விட முக்கியமாக, படிப்பதற்கு டைம்-அவுட், அதாவது காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு எல்லை வைத்தேன். 30 நொடி ஒரு வரியும் வராவிட்டால் குளிருக்குக் கத்துவது போலவே கத்த வேண்டும்.

சென்சார் ஒயரை நீட்ட முடியாமல் போர்டையே தொலைவில் வைக்க வேண்டியவர்கள் யூஎஸ்பியை இழுக்காதீர்கள். 5 மீட்டர்தான் அதற்கு எல்லை. இரண்டு பக்கமும் மேக்ஸ்485 மாட்யூல் போட்டு, நீண்ட ஒயருக்கான ஆர்எஸ்-485 முறையில் போனால் குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போகலாம். இஎஸ்பி32 போன்ற 3.3 வோல்ட் போர்டின் ஆர்எக்ஸில் 5 வோல்ட்டை நேராகக் கொடுக்க வேண்டாம். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் என இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்ட்டைப் பிரித்துக் கொடுங்கள். டிஎக்ஸ் எதிர்ப்பக்கத்து ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும், கிரவுண்ட் இரண்டும் சேர வேண்டும். எங்கள் மூடுபனியில் ஜம்பர் முனைகள் பச்சை பூத்துவிடும், சோதனை முடிந்ததும் சால்டர் வைத்துவிடுங்கள்.

இப்போது தினமும் மாலை ஆறு மணிக்கு சித்தப்பா ஷெட்டுக்குப் போய்க் கேபிளைப் பிடுங்குகிறார். நின்று முப்பது எண்ணுகிறார். லேப்டாப் கத்தினால் திரும்பச் செருகி, திரையில் எண் வந்ததைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்.