விளம்பர ஏஜென்சியில் இருக்கும் பெண்களுக்கு: அழகு சாதன பிரீஃப் கைக்கு வந்தால் என்ன செய்வது

ஏஜென்சியில் காப்பிரைட்டராகவோ ஆர்ட் டைரக்டராகவோ சேரும் பெண்களுக்கு இந்தச் சிக்கல் சீக்கிரமே வந்துவிடுகிறது. கரும்புள்ளி, கருவளையம், தொப்பை என்று ஒரு பெண் எதற்கெல்லாம் கவலைப்பட வேண்டும் என்பதைப் பகலெல்லாம் உட்கார்ந்து எழுதுகிறோம், ராத்திரி கண்ணாடி முன்னால் நின்றால் அந்தப் பட்டியல் நம் முகத்திலேயே ஓடுகிறது. அந்த நேரத்தில் யாராவது வந்து "தன்னம்பிக்கையோடு இரு" என்றால் எரிச்சல்தான் வரும். பல வருடம் இந்த வேலையில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், சண்டையைக் காகிதத்திலேயே போட்டுவிடுங்கள்: கிளையன்ட்டுக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் பிரீஃப், எந்த மாதிரி மாடல் வேண்டும் என்று சொல்லும் காஸ்டிங் குறிப்பு, படத்தைக் கம்ப்யூட்டரில் எப்படித் திருத்துவது என்று சொல்லும் ரீடச் குறிப்பு. ஷூட் முடிந்து பணம் செலவான பிறகு என்ன சொன்னாலும் எடுபடாது.

முதலில் விதிகளைப் படித்து வையுங்கள். ஏஎஸ்சிஐ என்கிற இந்திய விளம்பரத் தர கவுன்சில் 1985-ல் துறைக்காரர்களே சேர்ந்து அமைத்தது. நிறத்தை வெளுப்பாக்கும் பொருட்களின் விளம்பரத்துக்கு 2014-ல் அது தனி நெறிமுறை போட்டது. கருப்பான பெண்ணை அழகில்லாதவளாகவோ சோர்ந்துபோனவளாகவோ காட்டக் கூடாது. நிறத்தால் வரன் தட்டிப்போனது, வேலை கிடைக்கவில்லை என்று காட்டக் கூடாது. நிறத்தைச் சாதியோடும் தொழிலோடும் முடிச்சுப் போடக் கூடாது. இதில் உங்களுக்கு அதிகம் உதவப்போவது, கிரீம் போடுவதற்கு முந்தைய ஷாட்டில் மாடலின் முகபாவம் சோகமாக இருக்கக் கூடாது என்கிற விதி. அழகு கிரீம் விளம்பரக் கதையைப் படம்படமாக வரைந்து வைத்த ஸ்டோரிபோர்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். முதல் ஃப்ரேமில் தலை குனிந்திருக்கும், தோள் தொங்கியிருக்கும், ஜன்னலைக்கூட மூடி அறையை இருட்டாக்கியிருப்பார்கள். கடைசி ஃப்ரேமில் அதே பெண் நிமிர்ந்து சிரிப்பாள், வெளிச்சம் கொட்டும். அந்த முதல் ஃப்ரேமில் கை வையுங்கள். வெளிச்சத்தையும் பாவனையையும் இரண்டு ஃப்ரேமிலும் ஒன்றாக்கச் சொன்னாலே கதையின் பாதி விஷம் போய்விடும்.

கிளையன்ட் முன்னால் இதை எப்படிச் சொல்வது? "இது பெண்களைக் கேவலப்படுத்துது" என்று ஆரம்பித்தால், அது நூறு சதவீதம் உண்மையாக இருந்தாலும், உங்களுக்கு உணர்ச்சிவசப்படுபவள் என்று பட்டம் கட்டிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்கள். "சார், ஏஎஸ்சிஐக்குப் புகார் போனா படத்தையே மாத்த வேண்டி வரும், மறுபடி ஷூட் பண்ற செலவை யார் ஏத்துக்கறது?" என்று கேளுங்கள். அப்புறம் அதையே அன்றைக்கே மெயிலில் போட்டுவிடுங்கள். எடை குறைப்பு, மார்பக அழகு மாதிரி பிரீஃப் வந்தால் சட்டமே துணைக்கு இருக்கிறது: 1954-ம் ஆண்டு மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டத்தின் அட்டவணையில் உடல் பருமனும் மார்பக வடிவமும் இருக்கின்றன, இவற்றைச் சரிசெய்யும் மருந்து என்று சொல்லி விளம்பரம் செய்வது குற்றம்.

காஸ்டிங் குறிப்பை நீங்களே எழுதக் கேட்டு வாங்குங்கள். "ஸ்லிம், நல்ல கலர், 22 வயது" என்று போகும் குறிப்புக்கு அதே மாதிரி முகங்கள்தான் திரும்பி வரும். அவள் என்ன வேலை செய்கிறாள், எந்த ஊர், காலையில் எத்தனை மணிக்கு எழுகிறாள் என்று எழுதினால் மாடல் தேடித் தரும் கோஆர்டினேட்டர் வேறு இடத்தில் தேடுவார். திருநெல்வேலிக் குடும்பம் என்று ஸ்கிரிப்ட்டில் இருக்கும், அப்பா மட்டும் நம்ம ஊர்க்காரர் மாதிரி இருப்பார், அம்மாவும் மகளும் மும்பையிலிருந்து வந்திருப்பார்கள். இவர்கள் ஒரே வீட்டு ஆட்களாகத் தெரிகிறார்களா என்று மீட்டிங்கில் கேளுங்கள், போட்டோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். யாராலும் பதில் சொல்ல முடியாது.

ரீடச்சுக்கு வாய்வார்த்தை போதாது. தற்காலிகப் பரு, பறக்கும் முடி, துணியில் ஒட்டிய தூசி போகலாம். மூக்கு, இடுப்பு, கை, நிறம் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். முடிந்தால் ரீடச் செய்பவர் பக்கத்திலேயே போய் உட்காருங்கள். இடுப்பைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் பின்னாலிருக்கும் கதவு நிலையும் சேர்ந்து வளையும், அப்புறம் கதவை மட்டும் நேராக்குவார்கள். இதைக் கண்ணால் ஒருமுறை பார்த்தவள் ஹோர்டிங்கில் இருக்கும் இடுப்போடு தன் இடுப்பை அவ்வளவு லேசில் ஒப்பிட மாட்டாள். இது ஒன்றும் அதிகப்படியான கோரிக்கை கிடையாது. விளம்பரப் படங்களில் உடல் வடிவத்தையும் தோல் நிறத்தையும் மாற்ற மாட்டோம் என்று யூனிலீவரே 2021-ல் அறிவித்தது, உடலைத் திருத்திய விளம்பரப் படத்துக்கு அப்படிக் குறிப்பிட வேண்டும் என்று நார்வேயில் 2022 முதல் சட்டமே இருக்கிறது.

ஆனால் அறிவிப்பை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். யூனிலீவரின் டவ் சோப் 2004-ல் ‘ரியல் பியூட்டி’ பிரச்சாரத்தைத் தொடங்கியபோது அதே யூனிலீவரின் இந்திய நிறுவனம் இங்கே ஃபேர் அண்ட் லவ்லி விற்றுக்கொண்டிருந்தது. 1975-ல் வந்த அந்த கிரீமின் பெயர் 2020-ல்தான் குளோ அண்ட் லவ்லி ஆனது. நம்ம சென்னையிலிருந்து விமன் ஆஃப் வொர்த் அமைப்பு ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’, கருப்பும் அழகுதான் என்று 2009-லேயே குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டது.

இனி உங்கள் உடம்பு. லைட்டிங் பார்க்க, லே-அவுட் போட என்று டீமில் இருக்கும் பெண்ணைத்தான் நிற்கச் சொல்வார்கள், பிறகு அந்தப் படம் ஸ்கிரீனில் ஏறி "தாடை கொஞ்சம்..." என்று பேச்சு ஆரம்பிக்கும். "நான் நிக்கலை, பொம்மை வச்சுக்கோங்க" என்று முதல் தடவையே சொல்லிவிடுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. "என்னம்மா, வெயிட் போட்டுட்ட" என்பவரிடம் "வேலையைப் பத்திப் பேசலாம் சார்" போதும். பேச்சு ஆபாசமாகத் திரும்பினால் அது வேறு விஷயம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் அலுவலகத்தில் உள் புகார் குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டம், அங்கே எழுத்தில் கொடுங்கள். மாடல் படங்களை நாளெல்லாம் புரட்டிய அன்றைக்கு எந்த அழகுப் பொருளையும் ஆர்டர் செய்யாதீர்கள். சாப்பாட்டைத் தவிர்ப்பது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, தினமும் எடை பார்த்து அழுவது என்று போனால் தயவுசெய்து டாக்டரிடம் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலிமனாஸில் தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை.

ஒரு பிராண்டே வேண்டாம் என்று தோன்றினால்? ஃபேர்னஸ் கிரீம் விளம்பரத்தை சாய் பல்லவி மறுத்தது 2019-ல் பெரிய செய்தியானது, எனக்கும் சந்தோஷமாக இருந்தது. வாடகைக்கும் வீட்டுக்கு அனுப்பவும் சம்பளத்தை நம்பியிருக்கும் பெண்ணிடம் அதே மாதிரி மறுத்துவிடு என்று நான் சொல்ல மாட்டேன். வேலைக்குச் சேரும்போதே, இன்டர்வியூவில், "ஃபேர்னஸ், எடை குறைப்பு பிராண்டுகளின் அக்கவுன்ட்டுகளில் நான் வேலை செய்வதில்லை" என்று சொல்லிப் பாருங்கள். பிரீஃப் வந்தபிறகு மறுப்பதைவிட இது எவ்வளவோ சுலபம். ஏற்கெனவே சேர்ந்துவிட்டீர்கள் என்றால் டீமில் ஒருவரோடு அக்கவுன்ட்டை மாற்றிக்கொள்ளக் கேளுங்கள், பதிலுக்கு யாரும் தொட விரும்பாத சிமென்ட்டையோ பம்ப்செட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள்.