ஒரே வீலில் இரண்டு நிறம்: பவுடர் கோட்டிங்கில் கை சறுக்கும் இடங்கள்

நான் முதன்முதலில் இரண்டு நிறத்தில் செய்த அலாய் வீல் இன்னும் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. ஸ்போக் கறுப்பு, வெளி ஓரத்தில் அரை அங்குலத்துக்குச் சிவப்புப் பட்டை. நாலடி தள்ளி நின்றால் அழகுதான். கிட்டே போனால் சிவப்பின் விளிம்பு எலி கடித்த அப்பளம் மாதிரி இருக்கும். டேப்பை எப்போது உரிப்பது என்று எனக்கு அப்போது தெரியாது.

பெயின்ட் என்றால் காய்ந்ததும் உரிக்கலாம். பவுடர் கோட்டிங்கில் மின்னேற்றிய வண்ணத்தூளை வீலில் தூவி ஓவனில் வேகவைக்கிறோம்; அந்தப் பவுடர் உருகி, டேப்புக்கும் வீலுக்கும் சேர்த்து ஒரே தோலாக இறுகிவிடும். முழுக்க வெந்து ஆறிய பிறகு டேப்பை இழுத்தால் அந்தத் தோல் எங்கே கிழியும் என்று யாராலும் சொல்ல முடியாது. பவுடர் உருகி ஈரம்போலப் பளபளப்பு வந்ததும் வீலை வெளியே எடுத்து, சூடாக இருக்கும்போதே டேப்பின் முனையைக் குறடால் பிடித்து, பின்னோக்கி மடித்தபடி மெதுவாக இழுக்க வேண்டும். மீதி வேக்காட்டுக்குத் திரும்ப உள்ளே. கையுறை இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

டேப்பும் கடையில் கிடைக்கும் பேப்பர் டேப்பாக இருக்கக் கூடாது. 200 டிகிரியில் அது கருகி, பசையை வீலில் விட்டுவிடும். பவுடர் வேலைக்கென்றே வரும் பச்சை பாலியெஸ்டர் டேப் வேண்டும். வளைவில் அகலமான டேப் சுருங்கும்; 3 அல்லது 6 மி.மீ. டேப்பால் கோட்டை ஓட்டிவிட்டு, அதன் பின்னால் அகலமானதை ஒட்டலாம்.

அடுத்த சறுக்கல் முதல் நிறத்தை எவ்வளவு வேகவிடுவது என்பதில். முழுக்க வெந்த வழவழப்பான பரப்பின் மேல் இரண்டாவது நிறம் ஒட்டியதுபோல் நடிக்கும். பிறகு ஒரு கல் பட்டால் செதிலாகக் கிளம்பும். அதனால் முதல் நிறத்தை அரைவேக்காட்டில் நிறுத்துவோம். அரைவேக்காடு நல்ல பெயர் வாங்கும் ஒரே தொழில் இதுதான் என்று நினைக்கிறேன். அதில் ஒரு சிக்கல் உண்டு: வீல் நன்றாக ஆறுவதற்குள் டேப் ஒட்டினால் அதன் தடம் பதியும். காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் முழுக்க வேகவிட்டு, 400 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்துவிட்டு மேலே அடியுங்கள்.

ஒவ்வொரு நிறமும் ஓவனுக்குள் இன்னொரு பயணம். மேலே கிளியர் கோட்டும் (நிறமில்லாத மேல்பூச்சு) கேட்டால் மூன்று பயணம். முதலில் வெள்ளை அடித்திருந்தால் கடைசியில் பழுப்பேறி நிற்கும். டப்பாவில் 200 டிகிரி, 10 நிமிடம் என்று போட்டிருப்பது உலோகத்தின் சூட்டுக்கு. ஓவன் மீட்டர் காட்டுவது காற்றின் சூடு. மெல்லிய ஓரம் சூடேறிய பிறகும் வீலின் தடித்த நடுப்பகுதி பின்தங்கியே இருக்கும், அதனால் நேரத்தை அங்கே சூடு பார்த்துத்தான் எண்ண வேண்டும்.

பழைய பூச்சை எடுக்க வீலை 400 டிகிரியில் எரிக்கிறேன் என்று யாராவது சொன்னால் வீலைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வார்ப்பு அலாய் வீல்களில் பெரும்பாலானவை 540 டிகிரியை ஒட்டிய சூட்டில் வைத்துத் தண்ணீரில் அமிழ்த்தி, பிறகு 150 சொச்சம் டிகிரியில் மணிக்கணக்கில் வைத்து வலுவேற்றப்பட்டவை. 400-இல் எரித்தால் அந்த வலு போய்விடும். வெளியே பார்த்தால் தெரியாது, பள்ளத்தில் விழும்போதுதான் தெரியும். பழைய பூச்சைக் கரைக்கும் கெமிக்கலோ, மணல் மாதிரித் துகளை வேகமாக அடித்துச் சுரண்டும் பிளாஸ்டிங்கோ போதும். பிளாஸ்டிங் முடிந்ததும் வெறும் வீலையே ஒருமுறை, வேகவைக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சூடாக்க வேண்டும். வார்ப்பின் நுண்துளைகளில் இருக்கும் காற்றும் எண்ணெயும் அப்போதே வெளியேறிவிடும். இல்லையென்றால் பூச்சைக் குமிழியாகத் துளைத்துக்கொண்டு வரும்.

இரண்டாவது நிறம் அடிக்கும்போது, பவுடருக்கு மின்னேற்றித் தூவும் கன் முரண்டு பிடிக்கும். முதல் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. மின்னேற்றம் தேங்கி, புதிதாக வரும் பவுடரைத் தள்ளிவிடும். பரப்பில் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழி விழுந்தால் இதுதான் விஷயம். பவுடரை இன்னும் அள்ளி அடிப்பது பலர் செய்யும் தவறு. 80 கிலோவோல்ட்டில் அடித்துக்கொண்டிருந்தால் 40, 50-க்குக் குறையுங்கள். வீலைத் தொங்கவிடும் கொக்கியில் படிந்த பழைய பவுடரைச் சுரண்டி எர்த் சரியாகக் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்போக்கின் அடி மூலைகளுக்குப் பவுடர் லேசில் போகாது, அங்கே முதலில் அடித்துவிட்டு வெளிப்பரப்புக்கு வருவது நல்லது.

அழகுக்குச் சம்பந்தமில்லாத இடம் ஒன்று உண்டு: வீல் நட் உட்காரும் சரிவும், வண்டியின் ஹப்போடு (வீலை மாட்டும் நடுத்தட்டு) ஒட்டும் பின்முகமும். ஒரு பூச்சு 60 முதல் 80 மைக்ரான் என்றால் மூன்று பூச்சு 200-ஐத் தொடும். நட்டுக்கு அடியில் அது நசுங்கினால் முறுக்கு தளரும். இந்த இடங்களைச் சிலிக்கான் அடைப்பானாலும் டேப்பாலும் ஒவ்வொரு சுற்றிலும் மூட வேண்டும். முதல் நிறத்துக்கு மூடிவிட்டு இரண்டாவதுக்கு மறந்த வீல்களைப் பார்த்திருக்கிறேன். மூடியே இருந்தாலும், வீலை மாட்டி 80, 100 கிலோமீட்டர் ஓடியதும் முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் நட்டுகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.