ட்ரெய்னிங் முடிச்சுட்டுப் போன பொண்ணுங்கள விட்டுடாம சேத்து வச்சுக்கிறது எப்படி

நம்ம செட்டிநாட்டுப் பக்கம் பெண்கள் நல மையத்துல ஹெல்த் ட்ரெய்னிங் எடுக்குறவங்க யாரப் பாத்தாலும் ஒரே புலம்பல்தான், படிச்சு முடிச்ச புள்ளைங்க ஒரு வருஷம் கழிச்சு எங்க இருக்காங்கன்னே தெரியல, போன் போட்டா நம்பர் உபயோகத்துல இல்லைங்குது, குரூப்ல எதப் போட்டாலும் பதிலே வரல. அதுகளுக்கு அக்கறை இல்லைன்னு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க. காரைக்குடில நம்மகிட்ட படிச்ச பொண்ணு கல்யாணம் ஆகி பொன்னமராவதி போவா, அங்கேருந்து வீட்டுக்காரர் வேலைக்காக திருப்பூர் போவா, நடுவுல சிம் மாறும், இனிஷியல் மாறும், கைல இருந்த போன் மாமியாருக்கும் சேத்து ஒரே போன்னு ஆயிடும். நம்ம ரிஜிஸ்டர்ல மட்டும் அவ இன்னும் அதே அட்ரஸ்ல இருப்பா.

நகரத்தார், அதான் நம்ம செட்டியாருங்க, கோயில்ல புள்ளிக் கணக்கு வைப்பாங்கல்ல, கல்யாணம் ஆன ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி, மலேசியால இருந்தாலும் சரி சென்னைல இருந்தாலும் சரி கோயில் நோட்டுல பேரு இருக்கும், புள்ளி வரி வந்து சேரும். நமக்கும் அந்த மாதிரி ஆள் எங்க போனாலும் தொடர்ந்து வர்ற ஒரு கணக்குதான் வேணும், ஒரு தடவ எழுதி பீரோல வைக்கிற ரிஜிஸ்டர் பத்தாது.

இத ட்ரெய்னிங் முடியிற கடைசி நாள்லயே ஆரம்பிச்சுடணும், சர்டிபிகேட் குடுக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரையும் தனியா உக்கார வச்சு எழுதி வாங்குங்க, கூட்டத்துல பேப்பர சுத்த விட்டா பக்கத்துல உள்ளவ என்ன எழுதுறாளோ அதையேதான் எல்லாரும் எழுதுவாங்க. அவ நம்பர், அது யாரு கைல இருக்குற போன், அம்மா வீட்டு நம்பர், கூடப் படிச்சதுல நெருக்கமான ஒருத்தி பேரு நம்பர், சொந்த ஊர்ல வீடு எங்கன்னு ஒரு அடையாளம், கோயிலுக்குப் பின்னாடி, ஊரணிக்கு மேக்கால அந்த மாதிரி. இதுல தங்கமான நம்பர் அம்மா வீட்டு நம்பர்தான். பொண்ணு நம்பர் எத்தன தடவ மாறினாலும் அம்மாவுக்கு அவ எங்க இருக்கான்னு தெரியும்.

அதோட ஒரு கேள்விய மறக்காம கேட்டு எழுதிக்கோங்க, "மையத்துல இருந்து பேசுறோம்னு வீட்ல சொல்லலாமா?" இது ஏன்னா நம்மகிட்ட படிக்க வந்ததுல பல பேரு முதல்ல வைத்தியத்துக்கு வந்தவங்க, குழந்தை தங்காம வந்தவ இருப்பா, கர்ப்பப்பை பிரச்சினைன்னு வந்தவ இருப்பா, அது புகுந்த வீட்டுக்குத் தெரியாம இருக்கலாம். நீங்க பாட்டுக்கு மையம் பேரு அச்சடிச்ச கவர்ல அழைப்பு அனுப்பினா அந்த ஒரு கவரால அவ எத்தன கேள்விக்கு பதில் சொல்லணும்னு யோசிங்க. வேண்டாம்னு சொன்னவங்களுக்கு வெறும் கவர், போன் பண்றதா இருந்தா கூடப் படிச்சவளே பண்ணட்டும். படிச்சவங்க லிஸ்ட்டும் பேஷன்ட் ரிஜிஸ்டரும் வேற வேற நோட்டா இருக்கணும், ரெண்டையும் ஒரே ஆள் ஒரே மேஜைல வச்சுப் புரட்டுறது கூட எனக்குப் பிடிக்காது.

பழைய பேட்ச் ஆளுங்களத் தேடுறதா இருந்தா எடுத்த எடுப்புலயே மெசேஜ் போடாதீங்க. ப்ரீபெய்ட் நம்பர 90 நாள் உபயோகிக்காம விட்டா கட் பண்ணிடலாம், அப்புறம் அத வேற யாருக்காவது குடுத்துடுவாங்க, நீங்க அனுப்புற மெசேஜ் முன்னபின்ன தெரியாத ஒரு ஆளுக்குப் போய் நிக்கும். முதல்ல கூப்பிட்டுப் பேசுங்க. அதையும் ஆபீஸ்ல இருக்குறவங்க செய்யறத விட ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ரெண்டு பேர பொறுப்பா போட்டு அவங்கள செய்ய விடுங்க, ஒருத்தி இங்கயே பக்கத்துல கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல்னு இருக்குறவளா இருந்தா நல்லது, கல்யாண வீட்ல காது குத்துல பாத்துக்குவாங்க, சேதி தானா வரும். மேடம் போன் பண்ணினா பயந்துக்கிட்டு "நல்லா இருக்கேன் மேடம்"னு ரெண்டு வார்த்தைல வச்சுடுவா. கூடப் படிச்சவ "ஏத்தா, எங்கத்தா போய்ட்ட, ஒரு போன் கூட இல்ல"ன்னு ஆரம்பிச்சா அரை மணி நேரம் பேசுவா, புள்ளைக்கு எத்தன வயசு, வேலைக்குப் போறாளா, மாமியாருக்கு சுகர் எப்படி இருக்குன்னு அத்தனையும் வந்துடும். பேசி முடிச்ச கையோட புது நம்பரையும் தேதியையும் நோட்டுல ஏத்திடச் சொல்லுங்க, அப்புறமா எழுதிக்கலாம்னு விட்டா எழுத மாட்டாங்க.

அடுத்து வாட்ஸ்அப். குரூப்ல சேத்தா ஒருத்தர் நம்பர் எல்லாருக்கும் தெரியும், அதனால கேக்காம யாரையும் சேக்காதீங்க. நம்பர் தெரியக்கூடாதுன்னு நெனைக்கிறவங்களுக்கு ப்ராட்காஸ்ட் லிஸ்ட் இருக்கு, ஒரு லிஸ்ட்ல 256 பேர் வரைக்கும் போடலாம், ஆனா உங்க நம்பர அவங்க போன்ல சேவ் பண்ணியிருந்தாத்தான் மெசேஜ் போகும், அதனால கடைசி நாள் க்ளாஸ்லயே எல்லார் போன்லயும் சேவ் பண்ண வச்சுடுங்க. என்ன பேருல சேவ் பண்றதுங்கறத அவங்க இஷ்டத்துக்கு விட்ருங்க. பொது குரூப்ல அட்மின் மட்டும் போடுற மாதிரி வச்சுட்டு, பேட்ச் குரூப்ல அவங்க இஷ்டப்படி பேசட்டும். குட் மார்னிங் படமும் ஃபார்வர்டு வைத்தியமும் ஒரு தடவ உள்ள வந்துச்சுன்னா அதுக்கப்புறம் முக்கியமான சேதிய யாரும் தெறந்து கூட பாக்க மாட்டாங்க.

ஒரு விஷயத்துல மட்டும் கறாரா இருங்க, பேஷன்ட் போட்டோ, ஸ்கேன் ரிப்போர்ட், பேரு ஊரு போட்டு கேக்குற சந்தேகம் எதுவுமே குரூப்ல வரக்கூடாது. வந்தா உடனே டெலீட் பண்ணிட்டு அந்தப் பொண்ண தனியா கூப்பிட்டு பக்குவமா சொல்லுங்க, எல்லார் முன்னாடியும் திட்டுனா அவ அதோட வர்றதையே நிறுத்திடுவா.

குரூப்ல என்னதான் போடுறது? வாரம் ஒண்ணு போதும், ஆனா அவ மறுநாள் வேலைல எடுத்து உபயோகிக்கிற மாதிரி இருக்கணும். டைப் பண்ணி நீளமா போடாம ஒரு நிமிஷ வாய்ஸ் நோட்டா போடுங்க, பணியாரம் ஊத்திக்கிட்டே கேப்பாங்க. உதாரணத்துக்கு பிபி பாக்குறது. வெயில்ல நடந்து வந்தவங்களுக்கு உடனே பட்டைய சுத்தாம 5 நிமிஷம் முதுக சாய்ச்சு உக்கார வைங்க, கால் மேல கால் போட வேண்டாம், ரெண்டு பாதமும் தரைல படணும், கை நெஞ்சு உயரத்துல இருக்கணும், பாக்கும்போது பேச்சுக் குடுக்காதீங்க, மாசமா இருக்குற பொண்ணுக்கு 140/90 வந்தாலே தலைவலி வீக்கம் எதுவும் இல்லைன்னாலும் டாக்டர்கிட்ட அனுப்பிடணும், அவ்வளவுதான் ஒரு வாரத்துக்கு. அடுத்த வாரம் இரும்புச் சத்து மாத்திரைய காபி டீயோட போடக்கூடாதுங்கறது. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் மாதிரி வீடு வீடா போற வேலைல இருக்குறவங்களுக்கு இது அன்னன்னைக்கு உதவும், வேலைக்கே போகாம வீட்ல இருக்குறவளுக்கும் நாத்தனார் மாசமா இருக்கும்போது உதவும். வேலை காலி இருக்குற சேதியும் போடுங்க, மேல நர்சிங் படிச்சு கவுன்சில்ல பதிவு பண்ணினவங்களுக்கு 5 வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும்னு ஞாபகப்படுத்துங்க. பிரயோஜனம் இருந்தாத்தான் வருவாங்க, வெறும் பாசத்துக்காக எத்தன நாள் வருவாங்க சொல்லுங்க.

வருஷத்துக்கு ஒரு தடவயாவது நேர்ல கூடணும். என்னக் கேட்டா ஆடி மாசம்தான் சரி. முகூர்த்தம் இருக்காது, புதுசா கல்யாணம் ஆனவங்கள ஆடிக்கு அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருப்பாங்க, திருப்பூர்லயும் சென்னைலயும் இருக்குறவ கூட அப்ப ஊர்ல இருப்பா. செவ்வாய் வெள்ளி கோயில் கூழுன்னு இருக்கும், தொடாதீங்க, ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு ஆரம்பிச்சு சாப்பாட்டோட முடிச்சுடுங்க, பொழுது சாயிறதுக்குள்ள வீட்டுக்குப் போகணும்னு எல்லாருக்கும் இருக்கும். ஜூலை 30 டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த நாள், 1886ல நம்ம பக்கத்துப் புதுக்கோட்டைல பொறந்து 1912ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் பட்டம் வாங்குனவங்க, அது ஆடிலதான் வரும், அத ஒட்டி வர்ற ஞாயித்துக்கிழமைய வருஷா வருஷம் வச்சுட்டா தேதி சொல்லாமலே ஞாபகம் இருக்கும்.

இடம் டவுன் பஸ் நிக்கிற எடத்துக்குப் பக்கத்துல இருக்கட்டும், 2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைங்கறதால புருஷன்கிட்ட காசு கேக்காம வந்துடுவாங்க. மண்டபமெல்லாம் வேண்டாம், தெரிஞ்ச ஆச்சி யாராவது வீட்டு வளவுல, அதான் உள் முற்றத்துல, ஜமக்காளம் விரிச்சா போதும், கைக்குழந்தையோட வர்றவங்களுக்கு தூளி கட்டவும் பால் குடுக்கவும் உள்ள ஒரு ரூம் ஒதுக்கிடுங்க. மைக் புடிச்சு பேசுறவங்கள கொறைச்சுட்டு பிபி மிஷின நாலு எடத்துல வச்சு ஒருத்தருக்கொருத்தர் பாத்துக்க சொல்லுங்க, கை பழசு மறக்காம இருக்கும், சிரிப்பும் பேச்சும் அங்கதான் வரும்.

நேர்ல வர முடியாம வெளிநாட்டுல இருக்குறவங்களோட வாட்ஸ்அப் கால்ல பேச ஞாயிறு சாயந்தரம் நம்ம 6 மணி சரியா வரும், சிங்கப்பூர் மலேசியால அப்ப எட்டரை, குவைத் சவுதில மூணரை. துபாய் பக்கம் வாட்ஸ்அப் கால் எடுக்காது, அவங்களுக்கு வாய்ஸ் நோட்தான்.

கூப்பிட்டும் வராதவங்கள துரத்தாதீங்க, ரெண்டு தடவ பதில் இல்லைன்னா நோட்டுல பென்சில்ல ஒரு குறி போட்டு வச்சுட்டு அடுத்த ஆடிக்கு ஒரு தடவ மட்டும் கேளுங்க. என் பேர எடுத்துடுங்கன்னு சொன்னா காரணம் கேக்காம எடுத்துடுங்க. நோட்ட பாத்துக்குறவங்க மாறும்போது புது ஆளோட ஒரு நாள் சேந்து உக்காந்து ஒவ்வொரு பேரா படிச்சு, யாருக்கு எப்ப போன் பண்ணலாம், யாரு வீட்ல மையம் பேரு சொல்லக்கூடாதுங்கறத வாயால சொல்லிக் குடுத்துட்டு அப்புறம் கைல குடுங்க.