விமானப் பயிற்றுநருக்கு விசிட்டிங் கார்டு: காரைக்குடியில் இருந்தபடி குறைந்த செலவில் அடிக்க

முதலில் எண்ணிக்கை. டிஜிட்டல் பிரிண்டில் நூறு கார்டுகூட அடிக்கலாம், ஆனால் ஒரு கார்டுக்கு விலை கூடும். சிவகாசி ஆஃப்செட்டில் ஆயிரமாக எடுத்தால் சல்லிசு. பலருடைய கார்டுகளை ஒரே தாளில் சேர்த்து ஓட்டுவதால்தான் அந்த விலை. ஏஎஃப்ஐ (உதவிப் பயிற்றுநர்) ரேட்டிங்கிலிருந்து எஃப்ஐக்கு (முழுப் பயிற்றுநர்) மாறப்போகிறவர் நூறோடு நிறுத்துங்கள். மிச்சம் எடைக்குத்தான் போகும்.

அடுத்து மேட்டர். பெயர், 'சிபிஎல், எஃப்ஐ' (சிபிஎல் என்பது கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்), மின்னஞ்சல், போன். நம்பருக்கு முன் +91 கட்டாயம். பையனின் படிப்பை முடிவு செய்யும் பெரியப்பா மலேசியாவில் இருப்பது நம் ஊரில் சகஜம். பறந்த மணிக்கணக்கு வேண்டாம், நாலு மாதத்தில் பழசாகிவிடும். லைசென்ஸ் நம்பரும் வேண்டாம். 'ஃப்ளையிங் ஸ்கூல்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். லைசென்ஸுக்கான பறக்கும் பயிற்சியை டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகரித்த நிறுவனம்தான் தரமுடியும். நேவிகேஷன், மீட்டியராலஜி, ரெகுலேஷன்ஸ் பாடம் மட்டும் எடுக்கிறீர்கள் என்றால் 'கிரவுண்ட் கிளாஸ்' என்றே எழுதுங்கள். பெற்றோர் பெரிய தொகையை நம்பிக் கொடுக்கிற படிப்பு இது.

ஃபைல்தான் அதிகம் சொதப்பும் இடம். வெட்டிய அளவு 89 × 51 மி.மீ. என்றால், நாலு பக்கமும் 3 மி.மீ. ப்ளீடு (வெட்டில் போகும் கூடுதல் ஓரம்) சேர்த்து 95 × 57 ஆக அனுப்புங்கள். கத்தி ஒரு மில்லி நகரும். எழுத்தை வெட்டுக் கோட்டிலிருந்து 4 மி.மீ. உள்ளே வையுங்கள். தமிழ் எழுத்தை கர்வ் ஆக (ஃபாண்ட் தேவைப்படாத கோட்டு வடிவமாக) மாற்றாமல் அனுப்பினால், அச்சகத்தில் அந்த ஃபாண்ட் இல்லாதபோது கொம்பும் காலும் இடம் மாறிவிடும். சின்ன எழுத்துக்குத் தனிக் கறுப்பு மட்டும்; நாலு மையும் சேர்ந்தால் ஓரம் கலங்கும்.

திரையில் பளிச்சென்ற வான நீலம் சிஎம்ஒய்கேயில் (அச்சின் நாலு மைகளில்) மங்கும். சேர்த்து ஓட்டும் தாளில் பக்கத்துக் கார்டின் மையைப் பொறுத்தும் நிறம் மாறும். வெள்ளைப் பின்னணியே நல்லது. ஆத்தங்குடிக் கல் டிசைன் ஆசையா? ஒரு பூவை மட்டும் பெரிதாக எடுங்கள். முழுத் தரையையும் சுருக்கினால் கோடுகள் மையில் அடைந்துவிடும்.

தாளுக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்), கோட்டிங் இல்லாத போர்டு, லேமினேஷன் வேண்டாம். பின்பக்கத்தில் வகுப்பு நேரத்தைப் பால்பாயிண்டால் எழுதிக் கொடுக்கலாம். ஒரு பக்கம் மட்டும் லேமினேட் செய்தால் கார்டு வளையும்.

க்யூஆர் வைத்தால் 2 செ.மீ.க்குக் குறையாமல் வையுங்கள், அதற்குள் பெயரும் நம்பரும் மட்டும்.

அனுப்பும் முன் ஏ4 தாளில் நூறு சதவீத அளவில் எடுத்து, வெட்டி, க்யூஆரை இரண்டு போனில் ஸ்கேன் செய்யுங்கள். தாளில் இருக்கும் நம்பரைப் பார்த்து டயல் செய்யுங்கள். உங்கள் போன் அடித்தால் ஆர்டர் கொடுக்கலாம்.