தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய்: வாங்கப் போகும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

வீட்டைச் சூடாக்கச் சுவரில் மாட்டும் ரேடியேட்டர் சரியில்லை என்றால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். தரைக்கு அடியில் வெந்நீர் ஓடவிட்டு வீட்டைச் சூடாக்கும் முறையில் அந்த வசதி கிடையாது. குழாய்கள் தரையில் கொட்டும் சிமென்ட் போன்ற கலவைக்குள் புதைந்து, மேலே டைல்ஸும் ஒட்டியாகிவிட்டால், அப்புறம் தப்பைத் திருத்தத் தரையை உடைக்க வேண்டியதுதான். அதனால் யோசிக்க வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். பலர் யோசிப்பதில்லை.

எந்தக் குழாய் நல்லது, மொத்தம் எத்தனை மீட்டர் ஆகும்? பேச்சு பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. முதல் தவறே இதுதான். கடுங்குளிர் நாளில் ஒவ்வொரு அறையும் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்ற கணக்குதான் முதலில் வேண்டும். சுவர், ஜன்னல், கூரை, இடுக்கு வழியாகப் போகும் காற்று எல்லாம் அதில் அடங்கும். இந்தக் கணக்கைப் போடாமல் விலை சொல்லும் ஒப்பந்ததாரரை நான் நம்பமாட்டேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தரை தரக்கூடிய வெப்பத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஈ.என். 1264 என்ற ஐரோப்பியத் தரநிலை, நாம் புழங்கும் இடத்தில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்கிறது. குளியலறையில் 33 வரை போகலாம். வெளிச்சுவரை ஒட்டி, ஆள் அதிகம் நிற்காத ஓரப் பகுதியில் 35. அறை 20 டிகிரியில், தரை 29 டிகிரியில் இருந்தால், சதுர மீட்டருக்குச் சுமார் 100 வாட் கிடைக்கும். அவ்வளவுதான். அறை சதுர மீட்டருக்கு 130 வாட் இழந்துகொண்டிருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த குழாயைப் போட்டாலும் அங்கே குளிரத்தான் செய்யும். ஜன்னலை மாற்றுவது, சுவருக்கு வெப்பக்காப்பு கொடுப்பது, இல்லையென்றால் கூடவே ஒரு ரேடியேட்டர் வைப்பது என்றுதான் போக வேண்டும்.

இன்னொன்று, அறையின் பரப்பு முழுவதும் கணக்கில் வராது. சுவரோடு பொருத்திய அலமாரிக்கும் குளியல் தொட்டிக்கும் அடியில் குழாய் போடுவதில்லை. 20 சதுர மீட்டர் சமையலறையில் 5 சதுர மீட்டரை அலமாரிகள் பிடித்துக்கொண்டால், சூடு தரும் தரை 15 மட்டுமே.

மேலே என்ன விரிக்கப் போகிறோம் என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது அடுத்த தவறு. கல்லும் டைல்ஸும் வெப்பத்தை உடனே மேலே விடும். மரமும் சரிதான், ஆனால் அதன் மேற்பரப்பு 27 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று பல தயாரிப்பாளர்கள் நிபந்தனை வைக்கிறார்கள். அடியில் மெத்தை வைத்த தடித்த கார்ப்பெட் போட்டால், தரைக்குக் கம்பளி போர்த்தியது போலத்தான். டைல்ஸுக்கென்று கணக்குப் போட்டுக் குழாய் பதித்த பிறகு மனம் மாறிக் கார்ப்பெட்டுக்குப் போனால், அதே சூட்டைப் பெற நீரின் வெப்பத்தை ஏற்றியாக வேண்டும். செலவும் கூடவே ஏறும். தரைவிரிப்பின் வெப்பத்தடை (வெப்பம் மேலே வருவதை அது எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) 0.15 சதுர மீட்டர் கெல்வின்/வாட் என்ற அளவுக்குள் இருக்கிறதா என்று வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழாய் நீளத்தில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அது சரிவராது. குழாய்களுக்கு இடையே 15 செ.மீ. விட்டால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6.7 மீட்டர் குழாய் ஆகும். 16 மி.மீ. குழாயில் ஒரு சுற்று, அதாவது நீர் கிளம்பித் திரும்பி வரும் ஒரு முழுக் குழாய், 100 மீட்டருக்குள் நிற்பது நல்லது. அதாவது ஒரு சுற்று 15 சதுர மீட்டரைக்கூட முழுதாகத் தாங்காது, ஏனென்றால் மேனிஃபோல்டிலிருந்து (எல்லாச் சுற்றுகளுக்கும் நீரைப் பிரித்துவிடும் இணைப்புப் பெட்டி) அறைவரை போய்வரும் நீளமும் இந்த 100-க்குள்தான் வர வேண்டும். பெரிய ஹாலை ஒரே சுற்றாக முடித்தால் பம்ப் திணறும், சுற்றின் கடைசிப் பகுதிக்குப் போவதற்குள் நீர் ஆறிவிடும். இடைவெளியும் வீடு முழுக்க ஒன்றாக இருக்கத் தேவையில்லை: பெரிய ஜன்னல் ஓரத்தில் 10 செ.மீ., உள்பக்கம் 20 என்று மாறலாம். தரைக்குள் மட்டும் இணைப்பே வரக்கூடாது. ஒவ்வொரு சுற்றும் ஒரே துண்டுக் குழாயாக இருக்கட்டும்.

குழாயில் பார்க்க வேண்டியது பிராண்டைவிட ஆக்சிஜன் தடுப்பு அடுக்கை. அது இல்லாத பிளாஸ்டிக் குழாய் வழியாக ஆக்சிஜன் மெல்ல நீருக்குள் இறங்கி, பம்ப், பாய்லர் ஆகியவற்றின் இரும்பு பாகங்களைத் துருப்பிடிக்க வைக்கும்.

குழாய்க்குக் கீழே போடும் வெப்பக்காப்புப் பலகையில் கைவைக்காதீர்கள். அதை மெலிதாக்கினால் காசு கொடுத்துச் சூடாக்கிய வெப்பம் மண்ணுக்குள் போகும்.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதிலும் குழப்பம் நடக்கிறது. தரைக்குப் பெரும்பாலும் 35 முதல் 45 டிகிரி நீர் போதும். வெளியிலிருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்து நீரைச் சூடாக்கும் ஹீட் பம்புடன் இது நன்றாகப் பொருந்துவதற்குக் காரணமே அதுதான்: நீர் எவ்வளவு குறைந்த சூட்டில் போதுமோ, அவ்வளவுக்கு மின்சாரம் மிச்சம். ரேடியேட்டருக்கென்று 60, 70 டிகிரியில் ஓடும் பாய்லரை அப்படியே தரையில் இணைத்தால் கால் சுடும், கலவையில் விரிசலும் விழலாம். நடுவே, சுடுநீரோடு ஆறிய நீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் வால்வு கட்டாயம். ஹீட் பம்ப் வைத்தவர்கள் செய்யும் தப்பு வேறு மாதிரி. அறைக்கு ஒரு தெர்மோஸ்டாட் (சூட்டைப் பார்த்து நீரைத் திறந்து மூடும் கருவி) வைத்து, ஒவ்வொன்றும் தன் சுற்றை மூடிக்கொண்டே வந்தால், ஹீட் பம்புக்குச் சுற்றவிட நீரே மிஞ்சாது. நிமிடத்துக்கு நிமிடம் அது அணைந்து எரியும். இங்கே எளிய கட்டுப்பாடே மேல்.

இந்த முறை எல்லோருக்கும் ஏற்றதும் இல்லை. 6, 7 செ.மீ. கனமுள்ள தரை சூடாகவும் ஆறவும் மணிக்கணக்கில் ஆகும். இரவில் அணைத்துக் காலையில் போட்டால், வெப்பம் வருவதற்குள் நீங்கள் வேலைக்குக் கிளம்பியிருப்பீர்கள். வார இறுதியில் மட்டும் வந்து தங்கும் வீட்டுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். பழைய வீட்டில் தரையை உயர்த்தினால் கதவு, படி, மின் பிளக் எல்லாம் இடிக்கும். அங்கே கலவை கொட்டாமல் அலுமினியத் தகடு வைத்துச் செய்யும் மெல்லிய உலர்முறை இருக்கிறது, சீக்கிரம் சூடாகும், ஆனால் தரும் வெப்பம் குறைவு.

வேலை நடக்கும்போது அவசரப்படுத்தாதீர்கள். கலவை கொட்டும்போது குழாயில் அழுத்தம் ஏற்றியே வைத்திருந்தால்தான் ஓட்டை விழுந்தது உடனே தெரியும். சிமென்ட் கலவை என்றால் குறைந்தது 21 நாள், கால்சியம் சல்ஃபேட் கலவை என்றால் 7 நாள் கழித்துத்தான் சூடேற்றத் தொடங்கலாம். அதிலும் முதல் 3 நாள் 25 டிகிரி நீர், பிறகுதான் முழுச் சூடு.

கலவை கொட்டுவதற்கு முந்தின நாள், அளவு நாடாவைச் சுவரோரம் விரித்துவைத்து ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்றோ ஒருநாள் யாராவது கதவுத் தடுப்பு மாட்ட டிரில்லைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.