குட்டியோடு வரும் திமிங்கிலத்துக்கு ஊர்க்காவல்: திருகோணமலைக் கரையில் தொடங்குவது எப்படி

திமிங்கிலத்தைக் காக்கும் வேலையை வாடியிலிருந்து, அதாவது கரையில் மீனவர் தங்கித் தொழில் செய்யும் கொட்டிலிலிருந்து, தொடங்குங்கள். பதாகையும் தொப்பியும் கொண்டுவந்து கூட்டம் வைத்தால், சனம் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பிப் போய்விடும். காலையில் வலையிலிருந்து மீன் கழற்றும் நேரம் பக்கத்தில் குந்தியிருந்து, "அண்ணை, இண்டைக்கு எங்க ஊதக் கண்டீங்க?" என்று கேளுங்கள். சாம்பல்தீவுப் பக்கம் ஒரு கடற்றொழிலாளர் சங்கத்துக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். அந்தக் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில்தான் திமிங்கிலம் கண்ட விபரத்தையும் எழுதுகிறேன்.

எழுத வேண்டியவை கொஞ்சம்தான்: நாள், நேரம், இடம், எத்தனை, குட்டி உண்டா. இடத்துக்கு ஜிபிஎஸ் எண் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் கோணேசர் மலை எந்தப் பக்கம் தெரிந்தது, புறாத்தீவு எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதினாலே போதும். எங்கள் மாமாமார் அப்படித்தான் இடம் சொல்லுவார்கள், பெரும்பாலும் பிசகாது. கொட்டியாரக் குடாவுக்குள்ளிருந்தே கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு தொடங்குவதால், இங்கே ஆழ்கடல் விலங்கைப் பார்க்கக் கனதூரம் ஓடத் தேவையில்லை. மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை கொப்பியைக் கைவசம் வைத்திருங்கள்.

எந்த இனம் என்று ஊதலை, அதாவது திமிங்கிலம் மூச்சு விடும்போது மேலே எழும்பும் நீர்ப்புகையை, வைத்துச் சொல்லலாம். நேராக, உயரமாக எழும்பினால் நீலத் திமிங்கிலம். முன்பக்கம் இடதுபுறமாகச் சரிந்து போனால் விந்துத் திமிங்கிலம்.

இப்போது முக்கியமான விஷயம். விந்துத் திமிங்கிலத் தாய் இரைதேடி ஆழத்துக்குப் போனால் முக்கால் மணித்தியாலம் மேலே வராமல் இருக்கக்கூடும். குட்டியால் அவ்வளவு ஆழம் போக முடியாது, அது மேலேயே நிற்கும். கூட்டத்துப் பெண் திமிங்கிலங்கள் ஒன்று மாறி ஒன்று முங்கும், அதனால் மேலே காவலுக்கு ஏதாவது ஒன்று நிற்கும். ஆனால் படகிலிருந்து பார்க்கிறவருக்குச் சில நேரம் குட்டி மட்டும்தான் தெரியும். "ஐயோ, தனிச்சுப் போச்சு" என்று கிட்டப் போவார்கள், சுற்றுலாப் பயணியும் போட்டோ எடுப்பார். உண்மையில் அது தாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிற இடம். நாலைந்து வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடுகிற விலங்கு இது. படகு துரத்தி, குட்டி இடம் மாறினால் தாய் மேலே வந்து தேட வேண்டியிருக்கும்.

ஆகவே சங்கத்தில் எழுத்தில் போட வேண்டிய முதல் விதி: குட்டியைக் கண்டால் வேகத்தைக் குறை, தூரத்தில் நில், முன்னால் குறுக்கே போகாதே, நடுவில் புகாதே. ஒரு படகு நின்றால் மற்றது சுற்றி வளைக்கக் கூடாது. வனசீவராசிகள் சட்டப்படி திமிங்கிலத்தைத் தொந்தரவு செய்வது குற்றம் என்பதையும் சொல்லுங்கள், ஆனால் அதிலிருந்து பேச்சைத் தொடங்காதீர்கள். 1979இல் இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலச் சரணாலயமாகச் சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணைக்குழு அறிவித்தது. அது வேட்டைக் கப்பலை நிறுத்திய காகிதம். உப்புவெளியில் காலை ஆறு மணிக்கு வெளிக்கிடுகிற பைபர் போட்டை நிறுத்த ஊர்தான் வேண்டும்.

காசு விஷயத்தை ஒளிக்காதீர்கள். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியபோது கடலுக்குப் போவதே பெரும்பாடாக இருந்தது. அப்படிப்பட்டவரிடம் "எங்களுக்காகச் சுற்றிப் பார்த்து வாருங்கள்" என்று கேட்பது நியாயமில்லை. தொழிலுக்குப் போகிற வழியில் கண்டதைச் சொன்னால் போதும் என்று கேளுங்கள். தனியாக அனுப்பினால் எண்ணெய்க் காசைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

வலையில் சிக்கினால்? "அறுத்துவிடு" என்று கரையிலிருந்து சொல்வது சுலபம், வலை கடனில் வாங்கியது. அதனால் சங்கம் முன்கூட்டியே ஒரு சிறு நிதி வைத்து, அறுத்த வலைக்கு எவ்வளவு தருவோம் என்று முடிவெடுக்க வேண்டும். தொகை தெரிந்தால்தான் கத்தி கைக்கு வரும். யாரும் தண்ணீரில் குதிக்க வேண்டாம், வாலில் கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம். வனசீவராசிகள் திணைக்களத்தின் எண்ணையும் கடற்படையின் எண்ணையும் வாடிச் சுவரில் பெயின்றால் எழுதி வையுங்கள், கடதாசி மழைக்கு நிற்காது. உயிரோடு கரையொதுங்கினால் ஊதுதுளைக்குள் தண்ணீரோ மண்ணோ போகாமல் பார்த்து, ஈரத்துணி போட்டு, ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள். 2020 நவம்பரில் பாணந்துறையில் நூறு வரையிலான திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது, கடற்படையோடு ஊர்ச்சனமும் இரவிரவாக நின்று பெரும்பாலானவற்றைக் கடலுக்குத் தள்ளியது.

வெடிபோட்டு மீன் பிடிப்பவர்களைப் பற்றி வெளிப்படையாகப் பெயர் சொல்லச் சொல்லி யாரையும் நெருக்காதீர்கள். ஒரே ஊரில் இருக்க வேண்டியவர்கள். வெடிச்சத்தம் கேட்ட நேரத்தையும் திசையையும் மட்டும் எழுதிக் கொடுங்கள்.

பருவம் முடிந்ததும் கொப்பியைப் போட்டோப்பிரதி எடுத்து, நீர்வளங்களை ஆராயும் அரச நிறுவனமான நாராவுக்குக் கொடுக்கலாம், மூலப்பிரதி சங்கத்திலேயே இருக்கட்டும். அடுத்த வருடக் கூட்டத்தைப் பெப்ரவரியில் வையுங்கள். சுற்றுலா முற்பதிவு தொடங்கிவிட்டால் படகுக்காரர் ஒருவரையும் உட்கார வைக்க முடியாது.